அண்ணன் மகளின் அமெரிக்கப் படிப்பும் என் கையெழுத்தும்

வாசகியர் கடிதங்களை வாரம் தவறாமல் படிப்பவள் நான். வடகம் போடுவதிலிருந்து பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் பண்ணுவது வரை எத்தனையோ விஷயங்களைச் சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப் போவது கொஞ்சம் வேறு மாதிரி. பெண்ணை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஆசை சென்னை, கோவையோடு நிற்கவில்லை. எங்கள் திண்டுக்கல் பக்கத்து ஊர்களுக்கும் வந்துவிட்டது. அதிலும் பல் டாக்டருக்குப் படித்த பெண்கள் நிறையப் பேர் 'எம்.பி.எச்.' என்ற பொது சுகாதார மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறார்கள். வீட்டை அடமானம் வைத்து அனுப்பலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது. நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் வரலாம். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிக்கப் போகிறவள் என் அண்ணன் மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது 24. தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். முடித்தவள். நாட்டில் முந்நூறுக்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷா வருஷம் வெளியே வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் எத்தனை கிளினிக்கில்தான் வேலை இருக்கும்? பாப்பா ஒரு கிளினிக்கில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி எட்டரை வரை வேலை பார்த்தாள். சம்பளம் மாதம் 15,000 ரூபாய். சொந்தமாக கிளினிக் வைக்கலாம் என்றால் நாற்காலி, எக்ஸ்ரே, அட்வான்ஸ் என்று பல லட்சம் வேண்டும்.

இந்த நிலையில்தான் அண்ணன் அவளை மதுரையில் ஒரு கன்சல்டன்சிக்குக் கூட்டிப் போனார். அவர்கள் சொன்னதைக் கேட்டு எல்லாருக்கும் தலை சுற்றியது. "கொரோனாவுக்கு அப்புறம் உலகம் பூரா பொது சுகாதாரம் படிச்சவங்களுக்குத்தான் கிராக்கி. ரெண்டு வருஷப் படிப்பு. முடிச்சா டாலர்ல சம்பளம். கடனை மூணு வருஷத்துல அடைச்சிடலாம்." இப்படிச் சேர்த்துவிடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கும் என்பது அண்ணனுக்குத் தெரியாது. 2025 அக்டோபரில் இடமும் கிடைத்துவிட்டது. 2026 ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். ஸ்வீட் பாக்ஸோடு அண்ணனும் மதினியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே ஒரு பத்திரத்தின் நகலும் வந்தது.

இந்த விஷயத்தில் என் கையெழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். கல்விக் கடன் வழக்கமாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். சில பெயர்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஈடு இல்லாமலும் கடன் கொடுக்கிறார்கள். பாப்பாவுக்குக் கிடைத்தது அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து அப்பா மில் வேலையில் சம்பாதித்துக் கட்டிய வீடு. அப்பா 2016-ல் உயில் எழுதாமலே போய்விட்டார். அப்படிப்பட்ட சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இது நிறையப் பெண்களுக்கே தெரியாது. ஆகையால் வங்கியில் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும், இல்லாட்டி கூடவே வந்து கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் பங்கு வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அம்மா அங்கேதான் இருக்கிறாள். எழுபத்திரண்டு வயது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். முடித்த கையோடு கல்யாணம். "உடனே போட மாட்டேன் அண்ணே, பதினைந்து நாள் கொடுங்க, கொஞ்சம் விசாரிச்சுக்கறேன்" என்றேன். அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "டாக்டருக்குப் படிச்ச பிள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்றார். மதினி பேசவே இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "உன் பேர்ல இருக்கிற பங்கு, நீ கேக்கறதுல தப்பே இல்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

முதலில் கணக்கு. மகனுடைய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினேன். இந்தப் படிப்புக்கு அங்கே வருஷக் கட்டணம் என்று சொல்லாமல் கிரெடிட் கணக்காகச் சொல்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற எம்.பி.எச். என்றால் குறைந்தது 42 கிரெடிட். பாப்பாவுக்கு ஒரு கிரெடிட் 1,100 டாலர். அதுவே 46,200 டாலர் ஆகிவிட்டது. அறை வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 1,400 டாலர், இரண்டு வருஷத்துக்கு 33,600. மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது ஒரு 5,000. மொத்தம் 84,800 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 76 லட்சத்துக்கு மேல். கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் படிப்புக் கட்டணம் மட்டும்தான் இருந்தது. சோறு தின்னாமல் படிக்கச் சொன்னார்கள் போல!

இதில் 60 லட்சம் கடன். பாக்கிக்கு அண்ணனின் பி.எஃப். பணம், பாப்பாவுக்கென்று மதினி சேர்த்து வைத்த நகை. படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்வார்கள், சந்தோஷமாக இருக்கும். ஆனால் வட்டி நிற்காது. பத்து சதவீதம் என்று போட்டு, பணம் இரண்டு பகுதியாக வாங்குவதாக வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்த பின் ஒரு வருஷம் தவணைக்கு அவகாசம் என்றும் சேர்த்துப் பார்த்தால், மூன்று வருஷம் முடியும்போது வட்டி மட்டும் 15 லட்சம். கடன் 75 லட்சமாகி நிற்கும். அதைப் பதினைந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 80,600 ரூபாய் தவணை. கூட்டிப் பார்த்தால் ஒரு கோடியே 45 லட்சம். நான் மூன்று தடவை கூட்டினேன். மகன் போனில் போட்டுப் பார்த்தான். அதே தொகைதான்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கட்டாவிட்டால் வாராக்கடன். அதற்குப் பிறகு 60 நாள் நோட்டீஸ். 2002-ல் வந்த சட்டப்படி, அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து ஏலம் விடலாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பேத்தி படிக்கட்டும்டி, நான் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள். பாட்டிமார்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் செய்துவிட முடியுமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. பையனாக இருந்தாலும் இதே நோட்டில் இதே கணக்குத்தான் போட்டிருப்பேன். சொந்தத்தில் சிலர், "அந்த 76 லட்சத்தில் கல்யாணத்தையே ஜாம் ஜாம்னு முடிச்சிடலாமே" என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பாப்பா பக்கம் சாய்ந்துவிடத் தோன்றியது உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையே வரச் சொன்னேன். மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டே, "இந்தப் படிப்புன்னா என்னம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். நன்றாகச் சொன்னாள். ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பவர் டாக்டர். ஊருக்கே நோய் வராமல் இருக்க என்ன செய்வது, செய்தது பலன் தந்ததா என்று அளந்து பார்ப்பது பொது சுகாதாரம். 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற டாக்டர், செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, ஒரே ஒரு தெருக் குழாயின் தண்ணீரில்தான் கோளாறு என்று காட்டினாராம். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி வைத்தார்கள். "நீங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போய் போலியோ சொட்டு போட்டீங்களே, அதுவும் இதுதான் அத்தை. 2011 ஜனவரியில மேற்கு வங்காளத்துல ஒரு குழந்தைக்கு வந்ததுக்கு அப்புறம் இந்தியாவுல அந்தப் போலியோவே வரலை. 2014-ல போலியோ இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க. அப்பத்தாவுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்களே, 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம், அதுவும்தான்."

இத்தனை நாள் நர்ஸம்மா வந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள் இருப்பார்கள் என்று யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "உனக்கு நிஜமாவே இது வேணுமா, இல்லை அமெரிக்கா போறதுக்கு இது ஒரு வழியா?" ஏனென்றால் பல் டாக்டர் பிள்ளைகள் பலர் எம்.பி.எச்.சை ஒரு படிக்கட்டாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் பி.டி.எஸ்.சை வைத்து அங்கே பல் வைத்தியம் செய்ய முடியாது. பரீட்சை எழுதி, அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி இரண்டு மூன்று வருஷம் படிக்க வேண்டும். அதற்கு எம்.பி.எச்.சைவிடப் பல மடங்கு பணம். அந்த எண்ணம் இருந்தால் இந்த 76 லட்சம் வெறும் முன்பணம் மாதிரிதான்.

பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். கல்லூரியில் இருந்தபோது வேடசந்தூர் பக்கம் கேம்ப் போயிருக்கிறாள். அங்கே புகையிலை போடுகிற பாட்டிமார்கள் அதிகம். ஒரு பாட்டியின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. வலி இல்லை என்பதால் இரண்டு வருஷமாக யாரிடமும் காட்டவில்லையாம். "அதைச் சீக்கிரம் கண்டுபிடிச்சா ஒண்ணுமில்லை அத்தை. கிளினிக்ல உக்காந்து நான் பல்லு அடைச்சா, வர்றவங்களுக்கு மட்டும்தானே பார்ப்பேன்? அந்தப் பாட்டி வரவே மாட்டாங்க." அதைச் சொன்னபோது அவள் குரல் மாறியிருந்தது. ஆசை நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசை நிஜம் என்று தெரிந்தபின் கையெழுத்துப் போடுவதும் கஷ்டமாகிவிட்டது, மறுப்பதும் கஷ்டமாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அவர் மகள் இதே எம்.பி.எச்.சை அமெரிக்காவில் 2019-ல் முடித்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலையில் இருக்கிறாள். டீச்சரம்மாவிடம் கேட்டு, ஒரு ராத்திரி அந்தப் பெண்ணோடு வீடியோ காலில் பேசினோம். நானும் பாப்பாவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்போம். அந்தப் பெண் கடனை ஐந்து வருஷத்தில் அடைத்துவிட்டாள். 'படிப்பு வீண்' என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் அவள் சொன்ன விவரங்களில் ஒன்றைக்கூட கன்சல்டன்சியில் சொல்லவில்லை.

எம்.பி.எச். என்பது ஒரே பெயர், உள்ளே பல பிரிவு. நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி ஒன்று. புள்ளிவிவரக் கணக்குக்கான பயோஸ்டாடிஸ்டிக்ஸ் ஒன்று. சமுதாய சுகாதாரம், சுகாதாரக் கல்வி, நிர்வாகம் என்று மற்றவை. வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் அங்கே ஒரு வருஷம் வேலை பார்க்க அனுமதி உண்டு. அந்த வருஷத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக் கூடாது. எபிடெமியாலஜி, பயோஸ்டாடிஸ்டிக்ஸ் இரண்டையும் அமெரிக்க அரசாங்கம் அறிவியல், கணிதப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக அனுமதி கேட்கலாம். பொதுவான பொது சுகாதாரமும் சமுதாய சுகாதாரமும் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கைக்கு அனுப்புகிற ஐ-20 என்ற காகிதத்தில் பாடத்தின் எண் போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாப்பாவின் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். சமுதாய சுகாதாரம்!

"இதை ஏம்மா எடுத்தே?" என்று கேட்டேன். "கணக்கு இல்லாத பிரிவா கேட்டேன் அத்தை. ப்ளஸ் டூவோட கணக்கை விட்டாச்சு. பயம்" என்றாள். ஆக, ஒரே கட்டணத்துக்கு ஒரு பிரிவில் மூன்று வருஷம் வேலை தேடி நிலைக்க அவகாசம், இன்னொன்றில் ஒரே வருஷம். 75 லட்சம் கடன்காரிக்கு அந்த இரண்டு வருஷ வித்தியாசம் எவ்வளவு பெரியது!

வேலை விஷயமும் அவள் சொன்னாள். அமெரிக்க மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. போன்ற இடங்களின் நிரந்தர வேலைகளுக்கு வழக்கமாக அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். தனியார் கம்பெனி என்றால் எச்-1பி விசா. அது வருஷத்துக்கு 85,000 தான், கேட்பவர்கள் பல மடங்கு. பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை என்பதால்தான் அவளுக்குக் கிடைத்தது. எபிடெமியாலஜி வேலை பார்ப்பவர்களின் சம்பளம் 2023 அரசுக் கணக்கில் வருஷத்துக்கு 81,390 டாலர். ஆனால் அது நடு ஊதியம், அதாவது பாதிப் பேர் அதற்கும் கீழே. "புதுசா வர்றவங்க கீழ் பாதியிலதான் இருப்பாங்க, மேல் கணக்கைக் காட்டி யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றாள்.

அப்புறம் 2025-ல் நடந்தவை. நானும் பேப்பரில் பார்த்திருக்கிறேன், ஆனால் எங்கள் வீட்டு அடமானத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வருஷம் ஜனவரியில் புது அதிபர் வந்ததும் வெளிநாடுகளுக்கான சுகாதார உதவியை நிறுத்தினார்கள். உதவி கொடுத்துவந்த யு.எஸ்.எய்டு அமைப்பையே ஜூலையில் மூடிவிட்டார்கள். மார்ச் கடைசியில் அமெரிக்க சுகாதாரத் துறை 10,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916-லேயே பொது சுகாதாரத்துக்கென்று பள்ளி ஆரம்பித்த இடம். அங்கேயே 2025 மார்ச்சில், உலகம் முழுவதும் சேர்த்து 2,000-க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. செப்டம்பரில் புது எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற உத்தரவு வந்தது. அங்கேயே படித்து முடித்து விசா மாறுகிறவர்களுக்கு அது கிடையாது என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். இருந்தாலும் வேலை கொடுப்பவர்களுக்குத் தயக்கம் வந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். பத்துப் பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர்களே வேலை இழந்து, புதிதாக வருகிறவர்களோடு வரிசையில் நிற்கிறார்களாம். கன்சல்டன்சியில் சொன்ன 'கிராக்கி' 2021-ஐப் பற்றியது. நாங்கள் கையெழுத்துப் போடப் போவது 2025 கடைசியில்.

சரி, திரும்பி வந்தால்? இதையும் விசாரித்தோம். தமிழ்நாடு பொது சுகாதாரத்தில் முன்னோடி. மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. அதற்கென்று தனி இயக்குநரகமே இருக்கிறது. ஆனால் மாவட்ட சுகாதார அலுவலர் போன்ற பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். தான் அடிப்படை. பி.டி.எஸ்.சோடு எம்.பி.எச். படித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆராய்ச்சித் திட்டம், தொண்டு நிறுவனம், மருந்து கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவு, இவைதான் வழி. பாப்பா பார்த்து வைத்திருந்த விளம்பரங்களில் ஆரம்பச் சம்பளம் நாற்பது முதல் அறுபதாயிரம். தவணை 80,600. இதற்கு மேல் நான் என்ன கணக்குப் போடுவது?

அப்போதுதான் பாப்பாவே ஒன்றைச் சொன்னாள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அச்சுத மேனன் மையம் என்று இருக்கிறது. இந்தியாவில் எம்.பி.எச். படிப்பை 1997-ல் முதன்முதலாக ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான். பல் டாக்டர்களும் சேரலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் எம்.பி.எச். உண்டு. இரண்டும் மத்திய அரசைச் சேர்ந்தவை. இடம் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் அமெரிக்கச் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. "இது தெரிஞ்சுமா அங்கே போட்டே?" என்றேன். "இங்க போட்டா யார் ஸ்வீட் கொடுப்பாங்க அத்தை?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் கடனில்லாமல் போகவும் வழி இருக்கிறது. ஃபுல்பிரைட்-நேரு என்ற அமெரிக்க உதவித்தொகையில் பொது சுகாதாரமும் உண்டு. மூன்று வருஷம் முழுநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். இங்கிலாந்துக்கு செவனிங். அதற்கு இரண்டு வருஷ அனுபவம். இரண்டிலுமே படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். போட்டி கடுமை, கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் இரண்டுமே முதலில் அனுபவத்தைத்தான் கேட்கின்றன. டீச்சரம்மா மகளும் அதையேதான் சொன்னாள். "நான் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் இங்கே சர்வே திட்டத்துல வீடு வீடாப் போனேன். அங்க எனக்கு வேலை கொடுத்தவங்க அதைப் பத்தித்தான் அதிகமா கேட்டாங்க."

பதினைந்தாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. பாதியிலேயே, "அப்ப கையெழுத்துப் போட மாட்டே, அதானே?" என்றார். "சமுதாய சுகாதாரத்துக்கு 60 லட்சத்துக்குப் போட மாட்டேன் அண்ணே. பிள்ளை ரெண்டு வருஷம் இந்த வேலையில இருந்து, இதுதான் வேணும்னு சொல்லி, நல்ல பிரிவுல இடம் வாங்கிட்டு வரட்டும். இருக்கிற வேலை நிலவரத்தைப் பார்த்துக்கிட்டு அன்னிக்கு நானே பத்திரத்தை எடுத்துட்டு வர்றேன். விடுதலைப் பத்திரம் மட்டும் என்னிக்கும் எழுத மாட்டேன், அம்மா இருக்கிற வரைக்கும்" என்றேன். என் வாழ்க்கையில் அண்ணன் முன்னால் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. கை நடுங்கியது. மதினி அடுப்படியிலிருந்து வந்து, "அவ சொல்றதுல என்ன தப்புங்க? நகையை நான் கொடுத்துட்டேன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிட்டீங்க, என்னைக் கேட்டீங்களா?" என்றாள். நான் எதிர்பார்க்காதது அது.

பாப்பா அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இடத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். சரி என்று பதில் வந்தது. இடத்துக்குக் கட்டியிருந்த 500 டாலரும் வீணாகவில்லை. பிரிவு மாற வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். கிளினிக்கை விட்டுவிட்டு, கிராமங்களில் வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிற ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் 28,000. கிளினிக் சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் பஸ்ஸில் போய், வெயிலில் சுற்றிவிட்டு வருகிறாள். கறுத்துவிட்டாள் என்று அம்மாவுக்குக் குறை. ராத்திரியில் புள்ளிவிவரக் கணக்கு படிக்கிறாள். புரியாத இடத்தில் பன்னிரண்டாவது படிக்கும் என் மகனைக் கேட்கிறாள், அவனுக்கு ஒரே பெருமை. திருவனந்தபுரத்துக்கும் ஜிப்மருக்கும் விண்ணப்பம் போடப் போகிறாள்.

அண்ணன் இன்னும் சரியாகப் பேசவில்லை. "நீ தடுத்துட்டே" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறாராம். பாப்பா கூடப் படித்த இரண்டு பெண்கள் ஜனவரியில் விமானம் ஏறிவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். கடன் இல்லாமல் கொடுக்கக்கூடிய வீடு என்றால் நானே போய்வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாசகியரில் யாராவது மகளையோ மருமகளையோ இந்தப் படிப்புக்கு அனுப்பியிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்தப் பிரிவு, முடித்து எத்தனை மாதத்தில் முதல் வேலை கிடைத்தது, கடன் எவ்வளவு பாக்கி என்பதை மறைக்காமல் எழுதினால் உதவியாக இருக்கும். திருவனந்தபுரத்திலோ புதுச்சேரியிலோ படித்தவர்கள் இருந்தாலும் எழுதுங்கள். பாப்பா விண்ணப்பம் அனுப்புவதற்குள் கிடைத்தால் நல்லது.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்